தளத்தின் மேல் ஒரு காப்பு

(மாமல்லபுரத்தில் கூடிய நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் பேசுமாறு என்னைப் பணித்த காரியதரிசியார் அவர்கள், கல்வியைப் பற்றியேனும் ஒற்றுமையைப் பற்றியேனும் நான்கு வார்த்தை சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அவ்விரு பொருள்களைப் பற்றியும் என்னினும் வல்லவர்கள் இம்மேடையில் பலமுறை பேசியிருக்கின்றனர், இன்னும் பேசுவார்கள். நானோ நாற்பது ஆண்டுகள் கட்டட வேலையில் மேற்பார்வையாளனாகக் காலங்கழித்தவன். செங்கல்லும் சுண்ணாம்பும் சிமெண்டும் கம்பியுமே நான் அறிந்தவை. ஆதலால் நாம் அனைவரும் குடியிருக்கும் வீட்டின் மேற்றளத்தைப் பற்றியே பேசத் துணிந்தேன். இஃதென்ன அற்ப விஷயம் என்று எண்ணுவோர் சிறிது பொறுத்தருள வேண்டும். இன்று மாலை நிர்வாக சபையார் எடுத்துக்கொள்ளவிருக்கும் தீர்மானங்களுள் ஒன்று இதனைச் சார்ந்ததேயாம்.

அத்தீர்மானம் யாதெனின், செங்கற்பட்டிலுள்ள நமது மாணவர் இல்லத்தின் மேல்மாடியில் ஆறு குளிர்பதனப் பெட்டிகள், அதாவது நாம் ஏ.சி. என்று சொல்லும் பொறிகள், அமைப்பது என்பதாம். பிள்ளைகள் பங்குனி, சித்திரை மாதங்களில் பரீட்சைக்குப் படிக்க இயலாமல் வெப்பத்தால் வாடுகின்றனர் என்பது உண்மையே. நானே நேரிற் கண்டேன். பெட்டிகளை வாங்கித்தர ஒரு பெருந்தகையார் முன்வந்திருக்கிறார். அவர் நல்லெண்ணத்தை நான் போற்றுகிறேன். ஆனால் பெட்டியை வாங்கித்தருபவர் ஒருவர். இரண்டு மாதத்திற்கொருமுறை மின்சாரக் கட்டணம் செலுத்த வேண்டியது மாணவர் நிதி. அந்நிதியிலிருந்துதான் ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் அளித்து வருகிறோம். இதனை நினைத்தே நான் எழுந்து நிற்கிறேன்.

நாம் கூடியிருக்கும் ஊரையே முதலிற் பாருங்கள். இங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் ஐந்து ரதங்கள் உள்ளன. அவற்றுள் மிகச் சிறியது திரௌபதி ரதம் எனப்படுவது. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் காலத்துச் சிற்பி, ஒரே பாறையைக் குடைந்து அதனைச் செய்தபொழுது, அதன் மேற்புறத்தை எவ்வடிவில் அமைத்தான்? ஓலை வேய்ந்த குடிசையின் கூரையாக அமைத்தான். நான்கு புறமும் வளைந்து தாழ்ந்து வரும் அக்கூரையைப் பார்த்தால், கல்லென்பதை மறந்து, கீற்றை உருவிப் பார்க்கலாம் போலத் தோன்றும். மற்றைய ரதங்களிலும் கோயில்களிலும் சுவருக்கு வெளியே வளைந்து நீண்டிருக்கும் கொடுங்கையும் கூரையின் தாழ்ந்த விளிம்பைக் கல்லிற் காட்டியதேயாம். இக்கடற்கரையில் வீடென்றால் தடித்த கூரையும் தாழ்ந்த இறவாரமும் உடையது என்பது அச்சிற்பிக்குச் சொல்லாமலே விளங்கியிருந்தது.

அக்கூரை எத்தகைய காப்பு என்பதனை இக்காலத்துக் கணக்கால் அளந்து காட்டலாம். ஒவ்வொரு பொருளும் தன்னூடே வெப்பத்தை எவ்வளவு விரைவாகக் கடத்தும் என்பதற்குச் சோதனைசாலைகளில் கண்ட எண்கள் உண்டு. கம்பியிட்ட கான்கிரீட்டுக்கு அவ்வெண் ஏறத்தாழ 1.58. செங்கல்லுக்கு 0.81. சுண்ணாம்புக் காரையும் செங்கல் ஜல்லியும் சேர்த்து இடித்த தளத்திற்கு 0.73. வைக்கோற் கூரைக்கோ 0.07 அளவே. ஓலையும் ஏறக்குறைய அவ்வினத்ததே. தெர்மோகோல் என்று நாம் வழங்கும் வெண்ணிறப் பலகைக்கு 0.035. எண் குறையக் குறையத் தடை மிகுதி என்று கொள்க. இதனால் ஒன்று பெறப்படும்: ஓர் அங்குலத் தெர்மோகோல் தடுக்கும் வெப்பத்தைத் தடுக்க வேண்டுமாயின் கான்கிரீட்டை 45 அங்குலத் தடிப்பாகப் போட வேண்டும். நாம் போடுவதோ நான்கு அல்லது ஐந்து அங்குலம்.

கான்கிரீட்டின் உறுதியை நான் குறைத்துக் கூறவில்லை. என் பிழைப்பே அதனால் நடந்தது. அது பாரத்தைத் தாங்கும், மழையைத் தடுக்கும், தீப்பற்றாது. ஆனால் வெயிலைத் தடுப்பதென்பது அதன் தொழிலன்று. அதனிடம் அத்தொழிலை எதிர்பார்த்தது நம் பிழை.

நம் முன்னோர் மெத்தை வீடு கட்டியபொழுது இப்பிழையைச் செய்யவில்லை. மெட்ராஸ் டெரஸ் என்று துரைமார்களும் வழங்கிய பழைய தளத்தைப் பிரித்துப் பார்த்தவர்கள் அறிவார்கள். தேக்கு உத்திரங்கள், அவற்றின் மேல் சிறு செங்கற்களைக் குத்துக்கல்லாக நிறுத்திச் சுண்ணாம்பில் மூலைவாட்டாகப் பதித்த அடுக்கு, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீரும் வெல்ல நீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாட்கணக்கில் அடித்து இறுக்கிய படை, அதன் மேல் தட்டோடு. எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய முக்கால் அடித் தடிப்பு. காலை வெயில் அத்தளத்தில் இறங்கத் தொடங்கி உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுதும் சாய்ந்துவிடும். அதற்குள் கடற்காற்றும் வந்துவிடும். முற்றமும் தாழ்வாரமும் உடைய நாட்டோட்டு வீடுகளில் ஓட்டின் மேல் ஓடு அடுக்கியதால் நடுவே நின்ற காற்றே காப்பாயிற்று. காற்றை அடைத்து வைத்தலே வெப்பக்காப்பின் இரகசியம். ஓலையிலும் வைக்கோலிலும் தெர்மோகோலிலும் உண்மையில் வேலை செய்வது உள்ளே சிறைப்பட்ட காற்றுத்தான்.

பின்னர் என்ன நேர்ந்தது? கூரை வீடு தீக்கு இரையாகும், இரண்டு மூன்று ஆண்டுக்கொருமுறை வேய வேண்டும், புயலில் பறக்கும். இவையெல்லாம் உண்மையான துன்பங்கள். ஆதலால் அரசாங்கத்தாரும் குடிசைகளை நீக்கிக் கான்கிரீட் வீடு கொடுப்பதனையே நெடுங்காலமாகக் குறிக்கோளாகக் கொண்டனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் கடற்கரை நெடுக மீனவர்க்குக் கட்டித் தந்தவை பெரும்பாலும் கான்கிரீட் தளமுள்ளவை. 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டமும் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்றுவதற்கே எழுந்தது. அவற்றால் பல குடும்பங்கள் தீயினின்றும் மழையினின்றும் தப்பின. இதனை மறுப்பவன் நன்றியற்றவன். ஆயினும் ஓலையை எடுத்தபோது ஓலை செய்துவந்த ஒரு வேலையையும் சேர்த்து எடுத்துவிட்டோம். அதற்கு ஈடாக வேறொன்றும் வைக்கவில்லை. கரையோரக் குப்பங்களில் சித்திரை மாதத்து இரவில் நடந்து பாருங்கள். தளம் போட்ட வீட்டார் வாசலிலும் மணலிலும் படுத்திருப்பார்கள்.

பிறரைச் சொல்வானேன்? என் சொந்த வீட்டின் கதையையே சொல்கிறேன். இதனை இவ்வவையில் சொல்வதற்குச் சற்று வெட்கமாகவே இருக்கிறது. ஊரார் வீடுகளுக்கெல்லாம் மேற்பார்வை பார்த்த நான், என் வீட்டைக் கட்டியபொழுது பணம் முட்டியது. தளம் வார்த்தாயிற்று. அதன் மேல் செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதிக்கும் வேலை, நம் கொத்தனார்கள் சுருக்கி போடுதல் என்பார்களே, அது பாக்கி. “பின்னால் மாடி கட்டத்தானே போகிறோம், அப்பொழுது இடித்தெறிய வேண்டியதற்கு இப்பொழுது ஏன் செலவு?” என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தூண்களின் மேல் கம்பிகளை நீட்டி விட்டுவிட்டு, வெற்றுத் தளத்தோடு கிரகப்பிரவேசம் செய்தேன். நம்மவர் வீடுகளில் பத்துக்கு எத்தனை இவ்வாறு கம்பி நீட்டிக்கொண்டு நிற்கின்றன என்று திரும்பிப் போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள்.

அத்தளத்தின் கீழறையில் என் தாயாரைப் படுக்க வைத்தேன். காற்றோட்டமான அறை, விசிறி உண்டு, ஆகவே சௌகரியமாக இருப்பார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஒரு வைகாசி இரவு இரண்டு மணிக்கு நான் எழுந்து வந்தபோது, அவர்கள் பாயை இழுத்துக்கொண்டு திண்ணைக்கு வந்து படுத்திருப்பதைக் கண்டேன். “எத்தனை நாளாக அம்மா?” என்றேன். “பங்குனி பிறந்ததிலிருந்து” என்றார்கள். பிறகு, “ஏண்டா தம்பி, வெயிலிலே நடக்கிறவன் கூடத் தலையிலே ஒரு துண்டைப் போட்டுக்கிறான். நீ கட்டின வீட்டுக்கு ஒரு துண்டு கிடையாதா?” என்று கேட்டார்கள். அவ்வார்த்தை என் நாற்பதாண்டு அநுபவத்தையும் ஒரு நொடியில் அளந்துவிட்டது. அடுத்த தையில் தளத்திற்கு வேலை செய்தேன். மாடி இன்றுவரை கட்டவில்லை. கம்பிகள் உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துபோயின.

நிற்க. நமது நாட்டில் வீட்டுக்குள் வெப்பம் எவ்வழியாக வருகிறது என்பதனை அறிந்தாலன்றிக் காப்பு எங்கே வேண்டும் என்பது விளங்காது. குளிர்நாட்டார் சுவர், தரை, ஜன்னல், கூரை எல்லாவற்றையும் போர்த்து மூடுகின்றனர். அவர்களுக்கு உள்ளேயுள்ள வெப்பம் வெளியே போகாதிருக்க வேண்டும். நமக்கோ சூரியன் தலைக்கு நேரே நிற்கிறான். செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் ஏப்ரல் மாதக் கடைசிப் பகுதியில் ஒருநாளும், ஆகஸ்டு நடுப்பகுதி கழிந்து ஒருநாளும் உச்சிவேளையில் கம்பத்தின் நிழல் அதன் அடியிலேயே விழும். இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் சிறிது வடக்கே சாய்ந்து போவான். ஆகவே கடுங்கோடையில் தெற்குச் சுவரில் வெயில் படுவதே இல்லை எனலாம். கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் மாலையிலும் காய்கின்றன. காலை முதல் மாலை வரை ஓயாமல் வெயிலைக் குடிப்பது மேற்றளம் ஒன்றே. சென்னையில் 2003-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள் வெப்பம் 45 டிகிரி வரை ஏறியது. அஃது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். வெயிலில் கிடக்கும் வெற்றுத் தளத்தின் மேற்புறமோ சாதாரணக் கோடை நாளிலேயே 60 டிகிரியைத் தொடுவதுண்டு. வெறுங்காலோடு வற்றல் காயப்போட மாடிக்குச் சென்ற தாய்மார்களுக்கு இதற்குச் சாட்சி வேண்டுவதில்லை.

அவ்வெப்பம் கான்கிரீட்டில் ஊறி, பிற்பகலில் உட்புறத்தை அடைந்து, நள்ளிரவு வரையிலும் மேலிருந்து நம்மீது வீசிக்கொண்டேயிருக்கிறது. விசிறியைப் போட்டால் சூடான காற்றே சுழல்கிறது. பிறகு குளிர்பதனப் பெட்டி வாங்குகிறோம். அப்பெட்டி என்ன செய்கிறது? உள்ளே வந்த வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. தளமோ மேலும் மேலும் வெப்பத்தை உள்ளே இறக்கிக்கொண்டேயிருக்கிறது. ஓட்டைப் படகில் உட்கார்ந்து ஓட்டையை அடைக்காமல் நீரை இறைத்துக்கொண்டே இருப்பவனை நம் கரையோரத்து மீனவர் பார்த்தால் என்ன சொல்வார்கள்? இறைக்கும் கூலியைத்தான் நாம் இரண்டு மாதத்திற்கொருமுறை மின்சார வாரியத்திற்குக் கட்டுகிறோம்.

அக்கூலி எவ்வளவு என்பதனைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும்; இதில்தான் நம் குடும்பங்கள் ஏமாறுகின்றன. தமிழ்நாட்டில் 2016-ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்திற்கு முதல் 100 யூனிட் இலவசமாயிற்று. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-ஆம் நாள் வந்த விகிதப்படி, 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 400 வரை 4 ரூபாய் 50 காசு. 500 வரை 6 ரூபாய். ஆகவே 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஆனால் 500-ஐத் தாண்டிய வீட்டுக்குக் கணக்கே வேறு. 2 ரூபாய் 25 காசு என்ற சலுகைப் படி அதற்கு இல்லை. 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 50 காசு. 500-க்கு மேற்பட்டதற்கு 8 ரூபாய். 600-க்கு மேல் 9. இவ்வாறு ஏறி 1,000-க்கு மேல் 11 ரூபாய். ஆகவே 600 யூனிட் ஓடிய வீட்டுக்கு 2,750 ரூபாய். கடைசி நூறு யூனிட்டின் விலை 1,025 ரூபாய் ஆயிற்று! 2024 ஜூலையில் இவ்விகிதங்கள் மேலும் சிறிது உயர்ந்தன.

ஒன்றரை டன் பெட்டி ஒன்று மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் தின்னும் என்று வைத்துக்கொண்டால், இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். விளக்கு, விசிறி, மாவரைக்கும் இயந்திரம், தண்ணீர் மோட்டார் எல்லாம் இதற்கு வேறே. ஆகவே ஏ.சி. நுழைந்த வீடு 500 என்ற வேலியைத் தாண்டுவது மிக எளிது. இப்பொழுது ஒரு வீட்டை எண்ணிக்கொள்ளுங்கள். கோடையில் 560 யூனிட் ஓடுகிறது. 2022-ஆம் ஆண்டு விகிதத்தில் அதற்கு 2,430 ரூபாய். தளத்திற்குக் காப்பிட்டதனால் பெட்டி அடிக்கடி நின்று ஓடி, 80 யூனிட் குறைந்து 480 ஆயிற்று என்போம். கட்டணம் 1,605 ரூபாய். குறைந்த யூனிட் ஏழில் ஒரு பங்கு. குறைந்த ரூபாயோ மூன்றில் ஒரு பங்கு. வேலிக்கு அருகில் நிற்பவர்களுக்குத் தளத்தின் காப்பு இரட்டிப்புப் பலன் தரும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

உண்மையை மறைத்தல் ஆகாது. 100 யூனிட்டுக்குள் ஒரு விசிறியும் இரண்டு விளக்கும் வைத்துக் காலங்கழிக்கும் குடும்பத்துக்கு இக்காப்பினால் கட்டணம் குறையாது; குறைவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அவர்களுக்குக் கிடைப்பது தூக்கம். வயோதிகருக்கும் கைக்குழந்தைக்கும் அதன் விலை என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2024-ஆம் ஆண்டில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தனர். புயலுக்கும் வெள்ளத்துக்கும் ஒப்ப அதனையும் உயிர்கொல்லியாக எண்ணும் காலம் வந்துவிட்டது.

இனி என்ன செய்வது என்று கேட்பீர்கள். மிக மலிவானது வெள்ளையடித்தல். வெற்றுச் சிமெண்டுத் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கை விழுங்குகிறது. புதிதாக வெள்ளையடித்த தளம் பெரும்பங்கைத் திருப்பி அனுப்புகிறது. உப்பங்கழியில் பொறுக்கிய கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு இக்கரையில் தலைமுறை தலைமுறையாக வழங்கியது, அதுவே போதும். அதில் சிறிது பசை கலந்து இரண்டு கை பூச வேண்டும். ஆமதாபாத் நகரத்தார் 2017-ஆம் ஆண்டில் ஏழைகள் வீட்டுத் தளங்களுக்கு வெள்ளை பூசும் இயக்கத்தைத் தொடங்கினர். தெலங்காணா அரசாங்கத்தார் 2023-ஆம் ஆண்டில் குளிர்தளத்துக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டனர். ஆனால் தூசியும் பாசியும் படிந்தால் வெள்ளையின் பலன் தேய்ந்துவிடும். மாசி மாதந்தோறும் கழுவிப் பூச வேண்டும். ஒருமுறை பூசி ஐந்தாண்டு மறந்திருப்பவர்கள் பின்பு சுண்ணாம்பைக் குறை கூறலாகாது.

அடுத்தது நிழல். தளத்தின் மேல் தென்னங்கீற்றுப் பந்தலிடுவது நமக்குக் கலியாணத்திற்குத் தெரியும். கோடைக்கு ஏன் தெரியாமற் போயிற்று? இக்காலத்தில் தகரக் கொட்டகை போடுகின்றனர். நான்கு புறமும் திறந்து காற்றோடவிட்டால் நல்லதே; சுற்றிலும் அடைத்தால் அதுவே அடுப்பாகும். ஒன்று சொல்லி வைக்கிறேன்: 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இம்மாமல்லபுரத்தருகேதான். தகரத்தைச் சரியாகப் பிணைக்காதவர்கள் அடுத்த புயலில் அதனை அண்டை வீட்டில் தேட நேரும்.

நிலையான காப்பு தளத்தின் மேலிடுவதேயாம். வெற்றுத் தளத்தின் குறையைக் காட்ட இன்னும் ஒரே ஒரு கணக்கு. மத்திய அரசாங்கத்தின் எரிசக்தித் திறன் செயலகத்தார் 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பை வெளியிட்டனர். மேற்றளம் உள்ளே விடும் வெப்பத்தின் அளவு 1.2-க்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வேற்றுமைக்கு, வாட்டில் சொல்லும் கணக்கு இது. நாலங்குல வெற்றுத் தளம் எவ்வளவு விடும்? கணக்கிட்டால் ஏறக்குறைய மூன்றரை. அதன் மேல் நாலங்குலம் சுருக்கி போட்டால் இரண்டேகால், இரண்டரைக்குள் வரும். அதனோடு ஓரங்குலத் தெர்மோகோலையும் இட்டால் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். அரையடி ஓலைக்கூரையை இதே கணக்கில் இட்டால் அரைக்கும் குறைவு! கல்லிற் குடிசை செதுக்கிய சிற்பி கண்டிருந்த கூரை, இன்றைய விதியில் எளிதாகத் தேறிவிடும். அவ்விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளின் பெரிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு எழுதியது. நம் சிறு வீட்டை வந்து எவரும் அளக்கப் போவதில்லை. நாமே அளந்துகொள்வதற்கு அது பயன்படும்.

வேலையின் முறையைக் குறித்துக்கொள்ள விரும்புவோர்க்குச் சொல்கிறேன். தளத்தை நன்றாகக் கழுவி, வெடிப்புகளை அடைத்து, நீர் கசியாத பூச்சு இடுக. அதன்மேல் நீரை உறிஞ்சாத நுரைப்பலகையை இடைவெளியின்றிப் பரப்புக. பலகைக்கு மேல் பாலிதீன் தாள். அதன்மேல் கோழிவலை வைத்து மெல்லிய கான்கிரீட். அல்லது தளம் தாங்குமாயின் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு. கடைசியாக வெண்ணிற ஓடு. மழைநீர்க் குழாயை நோக்கிய வாட்டம் மாறாமல் பார்க்க வேண்டும். பெரும்பாலான கசிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. பலகையை வெயில்படத் திறந்து வைக்கலாகாது. தீக்கும் அது ஆகாது. கவிழ்த்த மண்சட்டிகளை நெருக்கமாக அடுக்கி, இடையில் சுண்ணாம்பு ஜல்லி நிரப்புவது மற்றொரு பழைய முறை. சட்டிக்குள் நின்ற காற்றே அங்கும் காப்பு. ஆனால் பாரம் மிகுதி. தளத்தின் வலிமையை அறிந்தவரைக் கேளாமல் செய்யலாகாது.

பலர் மலிவென்று கருதித் தளத்தின் அடிப்புறத்தில் தெர்மோகோல் ஒட்டிப் பொய்த்தளம் மாட்டுகின்றனர். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, ஏ.சி. அறைக்கு அதனாலும் பயன் உண்டு. ஆனால் கான்கிரீட் அப்பொழுதும் வெயிலில் காய்ந்து விரிந்தும், இரவில் சுருங்கியும், வெடித்துக்கொண்டேயிருக்கும். குடையைத் தலைக்கு மேல் பிடிக்க வேண்டும். தொப்பியைத் தலைக்குள் வைக்க இயலுமா? தீ நேர்ந்தால் அப்பலகை தலைக்கு மேலிருந்து உருகி விழும் என்பதனையும் நினைக்க வேண்டும்.

புதிதாக வீடு கட்டுவோருக்கு ஒரு வார்த்தை. கேரளத்தில் வாழ்ந்து 2007-ஆம் ஆண்டில் மறைந்த லாரி பேக்கர் என்னும் கட்டடக்கலைஞர், தளம் வார்க்கும்போதே வேண்டாத இடங்களில் கான்கிரீட்டுக்குப் பதில் ஓடுகளை இட்டு நிரப்பும் முறையைப் பரப்பினார். கான்கிரீட்டும் மிச்சம், வெப்பமும் குறைவு. மேற்குச் சுவரோரம் ஒரு வேம்போ புங்கையோ நடுவதற்கு எந்த இன்ஜினீயரையும் கேட்க வேண்டாம். முகப்பு முழுவதும் கண்ணாடி பதிக்கும் இக்கால நாகரிகத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை; மின்கட்டணச் சீட்டே அவர்களுக்குச் சொல்லும்.

காப்பிட்ட வீட்டிலும் செய்ய வேண்டியன சில உண்டு. ஏ.சி. இல்லாதவர்கள் உச்சிவேளையில் ஜன்னலை மூடிவைத்து, வெளிக்காற்றுக் குளிர்ந்த பின் எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும். இரவிலும் மூடியே வைத்தால், காப்பு வெளியே போக வேண்டிய வெப்பத்தையும் உள்ளே பிடித்துவைக்கும். மாமல்லபுரத்தில் நடுப்பகலுக்குச் சற்றுப் பின்னே வரும் கடற்காற்று செங்கற்பட்டை எட்டப் பொழுதாகும்; மேல்காற்று வலுத்த நாளில் வராமலும் போகும். ஏ.சி. உள்ளவர்கள் கதவின் கீழ்ச்சந்தை அடைத்து, பெட்டியை 24 டிகிரியில் வைக்கலாம். 2020-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நட்சத்திரக் குறியிட்ட பெட்டிகள் அவ்வளவிலேயே தொடங்குமாறு விதித்திருக்கின்றனர். ஒரு டிகிரி உயர்த்தினால் நூற்றுக்கு ஆறு பங்கு மின்சாரம் மிஞ்சும் என்பது அச்செயலகத்தார் சொல்வது. பதினெட்டில் வைத்துக் கம்பளி போர்த்திப் படுக்கும் பிள்ளைகளுக்கு இதனைப் பெற்றோர் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்பொழுது நமது மாணவர் இல்லத்திற்கு வருகிறேன். சென்ற வாரம் நான் அங்கே சென்று மேலே ஏறிப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தவாறே வெற்றுத் தளம். மூன்று இடத்தில் வெடிப்பு. மூன்றாம் மாடி வருமென்று விட்ட கம்பிகள் நிற்கின்றன. அம்மாடிக்கு நிதி திரட்டப் புறப்பட்டவர்களில் இருவர் காலஞ்சென்றுவிட்டனர். கீழ்மாடியில் அதே அளவு அறையில் அதே விசிறியின் கீழ்ப் பிள்ளைகள் அமைதியாகப் படிக்கின்றனர். மேல்மாடிப் பிள்ளைகள் புத்தகத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கின்றனர். இரண்டு மாடிக்கும் வேற்றுமை தலைக்கு மேலுள்ளது ஒன்றுதான். இந்நிலையில் ஆறு பெட்டிகளை மாட்டினால் அவை அத்தளத்தோடு இரவு முழுதும் மல்லாட வேண்டும். அம்மல்லாட்டத்தின் செலவை உபகாரச் சம்பளம் பெறும் பிள்ளைகள் தாங்க வேண்டும்.

பெட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் தளம், பிறகு பெட்டி என்கிறேன். தளத்தைப் போர்த்திய பின் ஒரு சித்திரை கழியட்டும். அப்பொழுதும் பிள்ளைகளால் இயலவில்லை என்றால், ஆறு வேண்டிய இடத்தில் படிப்பறைக்கு இரண்டு போதுமா என்று பார்ப்போம். பெட்டிகளை வாங்கித்தர முன்வந்த பெருந்தகையாரிடம் நேற்றிரவு இதனைத் தனியே சொன்னேன். “பெட்டி என்றால் என் தகப்பனார் பெயரைப் பொறிக்கலாம்; தளத்தில் எங்கே பொறிப்பது?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். மாடிப்படி ஏறி முடியுமிடத்தில் ஒரு கல் பதிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். அவர் யோசித்துச் சொல்வதாகக் கூறினார். இங்கே முன்வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார்.

ஆகவே மாலையில் வரும் தீர்மானத்தை மூன்று மாதத்திற்கு ஒத்திவைத்து, தளத்தின் வேலைக்கு மதிப்பீடு வாங்கிப் பார்க்குமாறு நிர்வாக சபையாரைப் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன். மேற்பார்வைக்கு நான் கூலி கேட்க மாட்டேன். நமது உறுப்பினருள் கொத்து வேலை செய்யும் இருவர் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு இல்லத்துக்கு வந்து அளந்து பார்க்க இசைந்திருக்கின்றனர். வெயிலேறுமுன் வரவேண்டும் என்பது அவர்கள் இட்ட நிபந்தனை. மொட்டைமாடிக் கதவின் சாவி காரியதரிசியார் வசம் இருக்கிறது.